மறுகாவில் ‘க்’ இல்லை

ஒரு சோத்துப் பார்சல், இரண்டு கைகள். கம்பஸ் கன்டீனுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கௌசியும் பஸ்மியாவும் ஒரே வாழையிலையை விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறாவூரிலிருந்து பஸ்மியாவின் உம்மா கட்டிக் கொடுத்துவிட்ட சோறு. இறால் போட்ட முருங்கைக்காய்க் குழம்பின் மணம் நூலகப் படிக்கட்டு வரைக்கும் வந்தது. நான் அந்தப் படிக்கட்டில்தான் இருந்தேன். மடியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சீனிப் பணிஸ்.

கௌசி ஏதோ சொன்னாள். பஸ்மியா சிரித்ததில் புரைக்கேறி, தலையைக் காட்டினாள். கௌசி இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த இரண்டு தட்டுக்கு எனக்கு எரிந்த வயிறு இன்னும் நினைவிருக்கிறது. எழுந்து போய் அந்த இலையை இழுத்து எறிய வேண்டும் போல் இருந்தது. எழுந்தேனா? எழவில்லை. பணிஸைத் திரும்பப் பைக்குள் சுற்றி வைத்துவிட்டு, புத்தகம் படிப்பவள் மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, புத்தகத்துக்கு மேலால் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. பஸ்மியாவை முதலில் சந்தித்தவள் நான். பதிவு நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்று, திரும்பி, என்னிடம்தான் பேனை கேட்டாள். கௌசி வந்தது அதற்கு ஒரு வாரம் பிந்தி. வரிசைப்படி பார்த்தால் அந்தச் சோற்றில் கை வைக்கும் உரிமை எனக்குத்தான்.

வாய் திறக்காதவள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு நான் எழுதியதைப் படித்துவிட்டு, களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘கம்பஸ் வாழ்க்கை சந்தோசமா இருந்திருக்கும் என்ன?’ அவருக்குப் பதில் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாகரையில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் பேசாததை யாரும் குறையாக எடுக்கவில்லை. ‘சுதா நல்ல அமைதி’ என்று தேர்ச்சி அறிக்கையிலேயே எழுதினார்கள். வருசா வருசம் அதை வாசித்து அம்மாவும் சந்தோசப்பட்டார். அமைதி ஒரு கெட்டித்தனம் என்று நினைத்தே நான் வளர்ந்தேன். கம்பஸுக்கு வந்த பிறகுதான் அதற்கு அங்கே புள்ளி இல்லை என்று தெரிந்தது.

முதல் வாரம் விரிவுரையில் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் வந்தபோது ‘சேர்’ என்ற அந்த ஒரு சொல் தொண்டைக்குள் நின்றுவிட்டது. கையைத் தூக்கினேன். கடைசி வரிசை வாங்கில் இருந்து அரைவாசி தூக்கிய கையை யார் பார்ப்பார்கள்? விரிவுரையாளர் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். அப்போது பக்கத்தில் இருந்த பஸ்மியா, “சேர், அவ இரிக்கா” என்றாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. என் பெயர் வரும், நான் கையை அரைவாசி தூக்குவேன், பஸ்மியா ‘அவ இரிக்கா’ என்பாள். நான் இருக்கிறேன் என்பதற்கு அந்தப் பெரிய மண்டபத்தில் அவள் ஒருத்திதான் சாட்சி. அப்படிப்பட்டவளைத்தான் கௌசி கொண்டு போனாள். எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

பதுளை வீதியால் வந்தவள்

கௌசி என்கிற கௌசல்யா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஹொஸ்டலில் என் அறையில் எனக்கு எதிர்க் கட்டில். செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோக்காரனிடம் வழியெல்லாம் கதைத்து, அவனுடைய பிள்ளைகளின் பெயர் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான் அதே கம்பஸுக்கு வந்து ஒரு வாரம். அறையில் மற்ற இரண்டு பேருடைய பெயரும் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

பையைத் திறந்தால் தேயிலை. அவளுடைய அப்பா கட்டிக் கொடுத்த, கறுத்து மணக்கும் தேயிலை. பின்னேரம் நாலு மணியானால் வராந்தா மூலையில் கேத்தலை வைத்துவிடுவாள். பக்கத்து அறைகளில் இருந்து ஆட்கள் கோப்பையோடு வந்து விடுவார்கள். முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் என்னைத்தான் கூப்பிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “சுதா, டீ குடிக்க வர்றியா?” என்றாள்.

“மறுகா” என்றேன்.

இந்தச் சொல்லை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். மறுகா என்றால் பிறகு. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வாய்க்கு வாய் அதுதான். கதை சொன்னால் ‘மறுகா என்ன நடந்த?’ என்று கேட்பார்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் ‘வேணாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். கூப்பிட்ட ஆளின் மனம் நோகும். ‘மறுகா’ என்போம். கதவைச் சாத்தாமல் கொஞ்சம் திறந்து வைக்கிற மாதிரி ஒரு சொல்.

என் மனதில் இருந்தது இதுதான்: எனக்கு வர ஆசை. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவது? இன்றைக்கு விடு, நாளைக்குக் கூப்பிடு, நாளைக்கு நிச்சயம் வருவேன். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அவளுக்கு அது விளங்கியிருக்கும் என்று நம்பினேன்.

அடுத்த நாளும் கூப்பிட்டாள். மறுகா. மற்ற வாரம் செங்கலடிச் சந்தைக்குப் போகக் கூப்பிட்டாள். மறுகா. தலை பின்னிவிடவா என்று கேட்டாள். அதற்கும் மறுகா. ஏழெட்டுத் தடவை இருக்கும். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அதோடு, விரிவுரை மண்டபத்தில் பஸ்மியாவும் முன் வாங்குக்கு, கௌசிக்குப் பக்கத்தில் மாறிப் போனாள். ‘நீயும் வா’ என்று பஸ்மியா கையைக் காட்டினாள்தான். முன் வாங்கு என்றால் எல்லோரும் முதுகைப் பார்ப்பார்கள். நான் போகவில்லை.

அன்றைக்குப் பெயர் கூப்பிட்டபோது ‘அவ இரிக்கா’ என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் வரவில்லை என்று விரிவுரையாளர் பதிந்துகொண்டார். மண்டபத்தில் இருந்துகொண்டே வராதவள் ஆனேன்.

எறும்புக்குப் பெருநாள்

ஒருத்தியில் பொறாமை வந்துவிட்டால் அவள் செய்வதெல்லாம் நமக்குச் செய்வதாகவே தெரியும். கௌசி சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கௌசி பேசாமல் இருந்தால் என்னோடு பேசாமல் இருக்கிறாள். அவளுடைய தலைமயிர் கூட எனக்குக் கெடுதல் செய்வதற்கென்றே அவ்வளவு நீளமாக இருந்தது.

அதைவிட எரிச்சல், அவள் என் இடத்தையே பிடித்துக்கொண்டது. கடலோடு சேர்ந்து கிடக்கும் எங்கள் வாவியை நாங்கள் ‘ஆறு’ என்போம். வந்த புதிதில், “இது ஆறு இல்லையே, ஓடவே இல்லையே” என்று சிரித்தவள், மூன்றாம் மாதம் ‘ஆத்துல இன்னைக்குத் தண்ணி கூட’ என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். எந்த மீன் எந்தக் காலத்தில் மலிவு என்று அவளுக்குத் தெரிந்தது. மலையில் பிறந்தவளுக்கு என் ஊர்த் தண்ணீர் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தண்ணீர்க் கரையில் பிறந்த எனக்கு கன்டீனில் பிளேன்டீ கேட்கக் குரல் வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்குப் பஸ்மியா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பின்னேரம் கௌசி கை நிறைய மருதாணியோடு வந்தாள். வட்டிலப்பம் கொண்டு வந்து வராந்தாவில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். எனக்கு நேரே நீட்டவில்லை. ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்து மூடி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏலக்காயும் கித்துள் பாணியும் மணந்தது. வாயில் தண்ணீர் ஊறியது. எனக்குக் கையில் தந்தால் என்ன, நான் என்ன கடிக்கவா போகிறேன் என்று வீம்பு. தொடவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் தட்டைச் சுற்றி எறும்பு. பெருநாள் அதுகளுக்குத்தான்.

கௌசி அந்தத் தட்டைக் கண்டாள். எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவளுக்கும் கொஞ்சம் எரியட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அசிங்கமான சந்தோசம்தான், ஆனால் இருந்தது.

என் ஊருக்கு, என்னை விட்டுவிட்டு

முதல் வருடம் முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை. நான் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் வீடு கடலுக்குப் போகிற வழியில், வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு. வாசலில் வேன் ஒன்று நின்றது. கடற்கரைக்கு வந்த பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். அம்மாவுக்கு ஆட்களைக் கண்டால் போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, கம்பஸ் என்றதும், ‘என்ட மகளும் அங்கதான்’ என்று எல்லோரையும் முற்றத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் பஸ்மியா. பின்னால் கௌசி. இன்னும் மூன்று நாலு பேர்.

துருவல் கையோடு அப்படியே நின்றேன். வாகரைக்கு வருகிறார்கள். என் ஊருக்கு. ஒரு வாரமாக வேன் பேசியிருப்பார்கள், என்ன கொண்டு வருவது என்று கதைத்திருப்பார்கள். எதிர்க் கட்டிலில் படுக்கும் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டு முற்றத்தில், என் அம்மா போட்ட கதிரையில், கௌசி காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறாள். இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறாளா? அழுகை வந்தது. தேங்காய்ப் பூவுக்குள் இரண்டு சொட்டு விழுந்தது.

“புள்ள, இஞ்ச வாவன், உன்ட கூட்டாளிமார் வந்திரிக்காங்க” என்று அம்மா கூப்பிட்டார். போகத்தான் வேண்டியிருந்தது. பஸ்மியா ஓடி வந்து கையைப் பிடித்தாள். இது உன் வீடா, சொல்லவே இல்லையே என்றாள். கௌசி கதிரையை விட்டு எழும்பி நின்றாள். வந்தது பிழை என்பது போல் வேன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மற்றவர்கள் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா தேத்தண்ணீர் ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு கோப்பையோடு முற்றத்தில் இருந்தோம்.

பூமணி மாமி

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூமணி மாமி தண்ணீர் வாளியோடு வேலிக்கு அப்பால் போனார். அம்மா விடுவாரா? “மச்சாள், தேத்தண்ணி ஊத்தியிரிக்கன், குடிச்சிட்டுப் போங்களன்” என்றார்.

“மறுகா” என்றார் மாமி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளி தளும்பத் தளும்பப் போய்விட்டார்.

கௌசியின் முகம் சுருங்கியதைக் கண்டேன். அம்மாவுக்காகப் பரிதாபப்படுகிற முகம். அம்மாவோ ஒன்றும் நடக்காத மாதிரி இன்னொரு கோப்பையைக் கழுவினார்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். மாமி வந்தார். சட்டையை மாற்றி, தலையை வாரி, கையில் நாலு முருங்கைக்காயோடு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, “எங்க தேத்தண்ணி?” என்றார்.

கௌசி பஸ்மியாவின் பக்கம் குனிந்தாள். “அந்த அம்மா ஏன் திரும்பி வந்தாங்க? மறுக்கான்னு சலிச்சுக்கிட்டுத்தானே போனாங்க?”

“மறுக்கா இல்லடி, மறுகா. பொறகு வாறன் எண்டுட்டுப் போனா, வந்திட்டா.”

“கதைக்கு நடுவுல சொல்ற மறுகா எனக்குத் தெரியும். கூப்பிட்டதுக்கும் அதையே சொல்வாங்களா?” என்று கேட்ட கௌசி, மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “எங்க பக்கம் மறுக்கான்னா திரும்பவும். நான் உன்னை டீ குடிக்கக் கூப்பிட்டப்பல்லாம் நீ மூஞ்சிய வேற பக்கம் வச்சுக்கிட்டு மறுக்கான்னு சொன்ன. திரும்பவும் வந்துட்டியான்னு கேக்குறன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும்.”

ஒரு க். ஒரே ஒரு க். அதை வைத்து ஒரு வருடம் முழுக்க இவளை வெறுத்திருக்கிறேன். அடுத்த நொடியே உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா, பிழை என்னில் இல்லை! பிழை அவளுடைய காதில். வாழ்க்கையில் அபூர்வமாக எனக்கு வாய் வந்தது. “நான் பொறகு எண்டுதான் சொன்னனான்” என்றேன். குரலில் கொஞ்சம் நியாயம் கேட்கிற தொனியும் இருந்தது.

கௌசி கோப்பையைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வரவில்லை. கேட்கத்தான் கேட்டாள்.

“சரி சுதா. பொறகுன்னே இருக்கட்டும். பொறகு நீ வந்தியா?”

வாசற்படியில் பூமணி மாமி ஊதி ஊதித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுகா என்றவர் வந்திருந்தார். நான் ஏழெட்டு மறுகா சொல்லி ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. கதவைத் திறந்து வைத்த சொல் என்று பெருமையாக நினைத்தேனே, அந்தக் கதவால் நான் ஒரு நாளும் வெளியே வரவில்லை. வேன்காரன் ஹோன் அடித்தான். அவர்கள் எழும்பினார்கள். கௌசி அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாள். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினாள்.

வேப்பமரத்தடி

திங்கட்கிழமை மத்தியானம் கன்டீனுக்குப் போனேன். “ரெண்டு பிளேன்டீ” என்றேன். என்ன என்று கன்டீன்காரர் திருப்பிக் கேட்க, இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. காது சூடாகிவிட்டது.

பஸ்மியா லுகர் தொழுகைக்குப் போயிருந்தாள். கௌசி நூலகப் படிக்கட்டில், நான் வழக்கமாக இருக்கும் அதே படியில், பரீட்சைக்குக் குறிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன். இரண்டு கையிலும் கோப்பை. சுட்டது.

“கௌசி, தேத்தண்ணி குடிக்க வாறியா?”

என் வாழ்க்கையில் நான் ஒருத்தரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. “மறுகா” என்றாள்.

க் இருந்ததா? இல்லை என்றுதான் கேட்டது. ஆனால் என் காதை நான் நம்பவில்லை. இன்னொரு தரம் கேட்கவும் வெட்கம். வேப்பமரத்தடிக்கு வந்து, ஒரு கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த இரண்டாவது கோப்பையைப் பார்ப்பதாகப் பட்டது. ஒரு வேப்பம்பூ அதற்குள் விழுந்தது, எடுத்து எறிந்தேன். ஆவி நின்றது. இவள் வர மாட்டாள், எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். கேத்தலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கௌசிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஏழெட்டுத் தடவை எப்படித் தாங்கினாள் என்று தெரியவில்லை. நான் ஒன்றிலேயே களைத்துவிட்டேன்.

எழும்பலாம் என்று பாவாடையைத் தட்டியபோது வந்தாள். குறிப்புத் தாள்களைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“ஆறிப் போச்சு” என்றாள். “தூளும் சரியில்ல.”

ஆனால் முழுக்கக் குடித்தாள். பிறகு, தான் சொன்ன மறுகா சரியா என்று கேட்டாள். சரி என்றேன். உண்மையில் சரிக்கு மேலே. அந்த ‘கா’வை எங்கள் ஆட்கள் இழுக்கிற இழுவை அவளுக்கு அப்படியே வந்திருந்தது. நானே அவ்வளவு வடிவாகச் சொன்னதில்லை. என் ஊரையும் என் ஆற்றையும் எடுத்தது போதாதென்று என் சொல்லையும் எடுத்துக்கொண்டாள்.

எரிந்தது. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பொறாமைப்பட்டேன்.